சுண்ணாம்பு அடிக்காத நாவல்கள்

"உங்க நாவல்லே வர்ற வீட்டுக்கெல்லாம் யாருமே சுண்ணாம்பு அடிக்க மாட்டாங்களா?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் விமரிசகர்கள் என் எழுத்தைப் பற்றி இதுவரை சொன்ன எதைக் காட்டிலும் இந்தக் கேள்விதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது. அன்றிரவே என் ஐந்து நாவல்களையும் அலமாரியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தேன். சுவர் விரிசல் விடுகிற வீடு இருக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீடு இருக்கிறது. கடனில் மூழ்குகிற வீடுகள் இரண்டு இருக்கின்றன. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியே கிளம்புகிற காட்சி ஐந்து நாவல்களிலுமாக மூன்று தடவை வருகிறது. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு, ஒரு தடவை கோர்ட்டுக்கு, ஒரு தடவை சாவு வீட்டுக்கு. பண்டிகையும் வருகிறது. ஆனால் பண்டிகையன்று யாராவது ஒருவர் பாதி இலையில் எழுந்து போய்விடுகிறார்.

இது என் ஒருவனுடைய குறையாக இருந்தால் நானே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். தமிழில் நாவல், சிறுகதை என்று நாம் மதித்துப் பேசுகிறவற்றில் பெரும்பகுதிக்கும் இதே கதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாம்பத்தியத்தில் என்னென்ன கெடலாம் என்பதை நம்மவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். சந்தேகம், சலிப்பு, மாமியார், வறுமை, பழைய காதல், புதிய ஆசை எல்லாம் வந்துவிட்டன. கெடாமல் இருக்கிற தாம்பத்தியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எப்படி இருக்கும் என்பதை எழுத நமக்குக் கை வருவதில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்று சொல்லவும் முடியாது. என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது.

மேடவாக்கத்தில், வேளச்சேரி-தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. எதிர் வீட்டில் ஒரு தம்பதி. அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஒரே மகள் கலியாணமாகி வெளியூர் போய்விட்டாள். தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து பொங்கல் வரை அந்த வீட்டுக்கு ஒரு தனிப் பருவம். ஒரு அட்டையில் பட்டியல் எழுதித் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுவார்கள். இந்த வருஷம் வீட்டில் என்ன வேலை பார்ப்பது, எந்த ஞாயிறு எங்கே போவது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை வருஷத்துக்கு ஒன்றுதான். ஒரு வருஷம் சமையலறைப் பரண். ஒரு வருஷம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். ஒரு வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு மூடி. ஆள் வைத்துச் செய்கிற வழக்கம் கிடையாது. அவர் ஏணிமேல் நிற்பார். அந்த அம்மாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம் ஒரு கை விட்டுப் போச்சு" என்பார். "எந்த இடது? உனக்கா, எனக்கா?" என்று மேலிருந்து கேள்வி வரும். இந்த வசனத்தை நான் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒருவர் குரலில் கசப்பு இருந்ததில்லை. சண்டை உண்டு, கசப்பு இல்லை. இந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களும் பெரிய பயணங்கள் அல்ல. கார்த்திகைக்கு முன்னால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய் அகல்விளக்கு வாங்கி வருவார்கள். பொங்கலுக்கு முன்னால் அதே சாலைக்கு மஞ்சள் கொத்துக்காக ஒரு தடவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, குளிர் காலத்துக்கு வந்திருக்கும் பூநாரைகளைப் பார்ப்பார்கள். அந்த நிலத்துக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அது அவர்களுக்குத் தெரியாது, பூநாரைகளுக்கும் தெரியாது. டிசம்பரில் பரங்கிமலை ஏறி மாதா கோயிலின் விளக்கு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, ஆனாலும் போவார்கள். ஒரு முறை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. வாசலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இந்தக் கதையை அவர்கள் சொல்லி நான் நாலு தடவை கேட்டிருக்கிறேன். நாலு தடவையும் அவர் சொல்ல ஆரம்பிப்பார், அந்த அம்மாள் முடிப்பார். பூங்காவைப் பார்த்த வருஷங்களைப் பற்றி அவர்கள் ஒன்றுமே சொல்வதில்லை.

இதை ஒரு பத்திரிகை நண்பரிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கதை எங்கே?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சந்தோஷம் கதைக்கு ஆகாது என்பது உலகம் முழுவதும் உள்ள நம்பிக்கை. டால்ஸ்டாயே 'அன்னா கரீனினா'வின் முதல் வாக்கியத்தில் சந்தோஷமான குடும்பங்களை ஒரு வரியில் ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டாத இலக்கியப் பிரசங்கம் கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் தாமே பின்னால் மீறிவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. நாவலின் நடுப்பகுதிக்குப் பிறகு லெவின், கிட்டி இருவரின் கிராமத்து வீட்டில் பழப்பாகு காய்ச்சுகிற ஒரு காட்சி வருகிறது. தண்ணீர் விட்டுக் காய்ச்சுவதா, விடாமலா என்று தகராறு. கிட்டியின் தாயார் வீட்டு முறை தண்ணீர் விடாமல் காய்ச்சுவது. அந்த வீட்டிலேயே பழம் தின்று கொட்டை போட்ட வேலைக்காரக் கிழவிக்கு அது பிடிக்கவில்லை. அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதுதான் நிகழ்ச்சி. ரயிலடியில் அன்னா விழுந்தது ஞாபகம் இருக்கிற அளவுக்கு இந்தப் பழப்பாகும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிழவியின் கோபம் அதில் இருப்பதால் ஞாபகம் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். புது மணத் தம்பதியின் சந்தோஷத்தை அவர்கள் இருவரையும் பேசவிட்டு டால்ஸ்டாய் காட்டவில்லை. பக்கத்தில் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் மூலமாக அது நமக்குத் தெரிகிறது.

ஆனால் இதற்காக நாம் ருஷியா வரை போயிருக்கவே வேண்டாம்.

குறுந்தொகையில் 167வது பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. 1937இல் உ.வே.சாமிநாதையரின் பதிப்பு வந்தபிறகு பள்ளிக்கூடப் பாடம் வரைக்கும் போன பாட்டுத்தான். போன இடத்தில் அது கெட்டுவிட்டது. பதவுரை, பொழிப்புரை என்று படித்தவர்கள் அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். சேலையை மாற்றிக்கொள்ள நேரமில்லை, அப்படியே உடுத்திக்கொண்டு தாளிக்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் போகிறது. புளிக்குழம்பு தயாராகிறது. புருஷன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒரு சொல் சொல்கிறான். அவள் முகம் மிகவும் மெல்ல, பார்ப்பவர்களுக்கே சரியாகத் தெரியாத அளவுக்கு, மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. ஆறு அடி. காதல் என்ற பேச்சே அதில் கிடையாது.

இதைச் சொல்வது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புருஷன் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை. அவளை வளர்த்த செவிலி, அவர்கள் குடித்தனம் நடத்துகிற வீட்டுக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். ஐங்குறுநூற்றிலும் முல்லைப் பகுதியில் முதல் பத்துப் பாட்டு இந்தச் செவிலியின் பேச்சுத்தான். பேயனார் பாடியவை. குட்டியை நடுவில் விட்டு மான்கள் படுத்திருப்பது போலக் குழந்தையை நடுவில் விட்டு அவர்கள் படுத்திருந்ததை அவள் சொல்கிறாள். தகப்பன் குழந்தையை அணைத்திருக்க, தாய் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்திருந்ததைச் சொல்கிறாள். பத்துப் பாட்டிலும் நிகழ்ச்சி என்று சொல்ல ஒன்றும் இல்லை. "கதை எங்கே?" என்று என் பத்திரிகை நண்பர் பேயனாரையும் கேட்டிருப்பார்.

செவிலியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய இலக்கணக்காரர்கள் காரணமில்லாமல் ஒருவர் வாயில் பேச்சைக் கொடுப்பதில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குத் தாங்கள் சந்தோஷமாக இருப்பது தெரியாது. தெரிந்து சொன்னால் அது பெருமையடித்துக்கொள்வதாகிவிடும். பெற்ற தாய் போய்ப் பார்த்தால் அவள் கண்ணுக்குக் குறைகள்தான் படும். செவிலிக்கு அந்தப் பெண்மீது தாயின் பாசமும் உண்டு, தாயின் உரிமை இல்லாததால் ஒரு ஒதுக்கமும் உண்டு. அவள் வேலை முடிந்துவிட்டது. ஒரு நாள் போகிறாள், பார்க்கிறாள், எதிலும் தலையிடாமல் திரும்பிவிடுகிறாள். வளர்த்த கண்ணாதலால் அழுக்குச் சேலை அவள் கண்ணில் முதலில் படுகிறது. நம் வீட்டில் தயிர்ச்சட்டியையே தொடாத பெண் அங்கே கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவள் சொல்லும்போது, அதில் கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் ஆச்சரியமும் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பு இல்லாவிட்டால் பாட்டு வெறும் வாழ்த்துப்பாவாகப் போயிருக்கும்.

இந்தச் செவிலியை நம் உரைநடை தொலைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அவள் நின்ற இடத்தில் வேறு யார் யாரோ வந்து நிற்கிறார்கள். அவர்கள் யார் என்று பார்த்தால் நம் சிறுகதைச் சரித்திரத்தின் ஒரு பகுதியே தெரிகிறது.

கு.ப.ராஜகோபாலனின் 'ஆற்றாமை'யை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் குடித்தனத்தில் புதுத் தம்பதி. இங்கே சாவித்திரி, அவள் புருஷன் ஊரில் இல்லை. அடுத்த அறையின் சிரிப்பும் பேச்சும் இவள் காதில் விழுகின்றன. சந்தோஷத்தை வெளியே நின்று பார்க்கிற கண் இந்தக் கதையில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தாங்கவில்லை. அவர்களைத் தேடி ஒருவர் வருகிறார். அந்தச் சமயத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று தெரிந்தும் அவள் தட்ட வைத்துவிடுகிறாள். பிறகு தானே அழுகிறாள். கு.ப.ரா. அவளைக் குற்றவாளியாக்கவில்லை, அதுதான் அவர் பெருமை. செவிலியின் இடத்தில் இப்போது பொறாமையும் ஏக்கமும் உள்ள ஒருத்தி வந்து நிற்கிறாள், அவ்வளவுதான். கதை முடியும்போது நம் மனசு முழுக்கச் சாவித்திரி இருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த இருவரை நாம் மறந்தே போகிறோம்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' 1943இல் வெளிவந்தது. தமிழில் தாம்பத்தியத்தைப் பற்றி எழுதிய கதைகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எனக்கு எண்ணம். பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். மனைவி நோயாளி. தீபாவளிக்கென்று கடையிலிருந்து புடவைகளை வீட்டுக்கு எடுத்து வந்து எது பிடிக்கும் என்று கேட்கிறார். ஊருக்குப் போகலாமா என்ற பேச்சு வருகிறது. அடுப்பு மூட்டுவதும் அவள் கால் கையைப் பிடித்துவிடுவதும் அவரே செய்கிறார். எங்கள் எதிர் வீட்டின் பட்டியலில் உள்ள மாதிரி காரியங்கள்தான் எல்லாம்: பண்டிகை, பயணம், வீட்டு வேலை. இவ்வளவு அன்பை இவ்வளவு குறைந்த பேச்சில் யாரும் எழுதியதில்லை. ஆனால் கதை செல்லம்மாளின் மரணத்தில்தான் தொடங்குகிறது. இங்கே பார்க்கிற கண் கணவனுடையது. மனைவி போனபிறகு அவர் திரும்பிப் பார்க்கிற வெளிச்சத்தில்தான் அந்தப் புடவை நமக்குத் தெரிகிறது. உயிரோடு இருக்கும்போது அந்த வாழ்க்கையைப் பார்த்துச் சொல்ல அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை.

லா.ச.ராமாமிருதத்தின் 'பாற்கட'லில் நிலைமை வேறு. தலைதீபாவளி. கணவன் வேலையாக வெளியூரில். மனைவி புக்ககத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். கடிதத்தில் கோபம் இருக்கிறது, பெரிய குடும்பத்தின் நெரிசல் இருக்கிறது, அமுதமும் விஷமும் கடைந்தெடுக்கிற அந்த வீட்டின்மீது அவளுக்கு ஏற்படுகிற மரியாதையும் இருக்கிறது. மனைவியே செவிலியாகி, தான் வந்து சேர்ந்த வீட்டைப் பற்றி அந்த வீட்டுப் பிள்ளைக்கே எழுதி அனுப்புகிறாள் என்று இதைச் சொல்லலாம். அபாரமான யோசனை. ஆனால் தம்பதிகள் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கதை பிறந்திருக்காது. கடிதம் எழுதப் பிரிவு வேண்டும்.

மூன்று கதைகளிலும் நான் குற்றம் சொல்லவில்லை. சாவித்திரியும் செல்லம்மாளும் இல்லாத தமிழ் இலக்கியம் எனக்கு வேண்டாம். பிற்பாடு வந்தவர்களாகிய நாங்கள் இந்தக் கதைகளிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதில்தான் என் மனக்குறை. பொறாமையை எடுத்துக்கொண்டோம், சாவை எடுத்துக்கொண்டோம், பிரிவை எடுத்துக்கொண்டோம். புடவையை விட்டுவிட்டோம். சந்தோஷத்தை எழுதுகிற பொறுப்பைத் தீபாவளி மலர்களில் மாப்பிள்ளை மோதிரம் கேட்கிற ஹாஸ்யக் கதைகளுக்கு விட்டுவிட்டோம். அந்தக் கதைகளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

கூட்டுக் குடும்பத்தில் தம்பதிகள் என்று தனியாக எங்கே இருந்தார்கள், பிறகு எப்படி எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு வாஸ்தவம். இருட்டிய பிறகு ஒரு அறை, அதுவும் முறை வைத்துக் கிடைக்கிற அறை, என்பதுதான் பல வீடுகளில் தாம்பத்தியம். புருஷனும் மனைவியும் மட்டுமே ஒரு வீட்டில் காலையிலிருந்து இரவு வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பண்டிகையை இருவராகவே கொண்டாடி, ஏணியை ஒருவர் பிடிக்க ஒருவர் ஏறுகிற வாழ்க்கை பட்டணத்துக்கு வெளியே இப்படிப்பட்ட ஊர்களில்தான் பெருவாரியாக வந்தது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று ஏரிக்கரைக் கிராமங்கள் எல்லாம் மனைகளாகப் பிரிந்தபோது சொந்தக்காரர்கள் இல்லாத தெருக்கள் உண்டாயின. புது மாதிரி வாழ்க்கை ஒன்று வந்திருக்கிறது, அதற்கு இன்னும் நாவல் வரவில்லை என்பது என் கட்சிக்கு உதவுகிற வாதமே தவிர எதிரான வாதம் அல்ல.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சமூகப் பொறுப்புள்ள ஒரு நண்பர் சொன்னது. "அந்தச் சந்தோஷம் எதன்மேல் கட்டியிருக்கிறது? சதுப்பு நிலத்தின்மேல். தண்ணீர் போகிற வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அதை நீ பாராட்டி எழுதப் போகிறாயா?" அவர் சொல்வது பொய்யல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இன்று இருப்பதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. எங்கள் ஊரின் பெயரில் மேடு இருக்கிறதே தவிர, எங்கள் தெருவில் இல்லை. ஆனால் குற்றம் இருக்கிற இடத்தில் சந்தோஷம் இருக்காது என்பதும், இருந்தாலும் எழுதக் கூடாது என்பதும் எந்த ஊர் நியாயம்? இரண்டையும் ஒரே சுவரில் காட்ட முடிந்தால் அவனல்லவா நாவலாசிரியன்? என்னால் முடியவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. எங்கள் வீடு மாடியில், பிழைத்தோம். எதிர் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. மூன்று நாள் மின்சாரம் இல்லை. அந்த அம்மாளின் தையல் மெஷினை நாலு பேராகத் தூக்கி எங்கள் வீட்டில் வைத்தோம். இரண்டு பேரும் எங்களோடுதான் இருந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் சேற்றை வாரிக் கொட்டினார்கள். பொங்கல் வந்தது. பெயின்ட் வாங்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "ஈரச் சுவரு சார். பெயின்ட் அடிச்சா உள்ளே மூடிக்கிட்டு, உப்புப் பூத்து, தோல் உரிஞ்சு விழும். சுண்ணாம்புன்னா சுவர் மூச்சு விடும்" என்றார். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, பீப்பாயில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, இரண்டு பேருமாக மூன்று பூச்சு அடித்தார்கள்.

இதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தபிறகு, கடைசியில் எனக்குக் கதை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். 2024இல் ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக எழுதினேன். தண்ணீர் முதல் படி ஏறியது, இரண்டாம் படி ஏறியது, மூன்றாம் படியில் நின்று யோசித்தது என்று ஓர் அத்தியாயம் முழுவதும் எழுதினேன். இருட்டில் இருவரும் கட்டில்மேல் உட்கார்ந்து பழைய மனஸ்தாபம் ஒன்றைக் கிளறிச் சண்டை போடுவதாக எழுதினேன். உண்மையில் அவர்கள் அன்றிரவு எங்கள் வீட்டில் என் மனைவியோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனஸ்தாபம் என் கற்பனை. வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். வெள்ளத்தை நேரில் பார்த்தது போல இருக்கிறது என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி படித்துவிட்டு, "வெள்ளம் நல்லா வந்திருக்கு. அவங்க ரெண்டு பேரும்தான் வரலை" என்றாள்.

பிறகு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினாள். அந்தப் பொங்கலன்று அவள் எதிர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னது அது. நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தேன். காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மனசில் வாங்கவில்லை. "வாசக்கதவுக்குப் பின்னாலே ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காம விட்டிருக்காங்க. தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கு. அவர் அடிக்கத்தான் போனாராம். இந்தம்மா வேண்டாம்னுட்டாங்களாம். பேனாவாலே தேதி எழுதி வெச்சிருக்காங்க. அழுக்கை எதுக்கு வெச்சிருக்கேன்னு அவருக்குக் கோபம். அரைநாள் பேசலையாம். அப்புறம் அவரே அந்த இடத்தைச் சுத்திக் கோணல் இல்லாம, படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நேரா அடிச்சு முடிச்சிருக்காரு. கதவைத் திறந்து வெச்சா யாருக்கும் தெரியாது. சாத்தினாத்தான் தெரியும்."

கூடலூர் கிழார் இதைக் கேட்டிருந்தால் ஆறு அடியில் எழுதிவிட்டுப் போயிருப்பார். என் தொடரின் இருபத்தெட்டு அத்தியாயங்களிலும் அந்த ஒரு முழச் சுவர் இல்லை. சதுப்பு நிலமும் குற்றமும் வெள்ளமும் பண்டிகையும் கோபமும் சமாதானமும் அதில் இருந்தன. கனமான ஆட்சேபம் சொன்ன நண்பருக்குக்கூட அதில் பதில் இருந்தது. எனக்குச் செவிலி இல்லை என்று இவ்வளவு நேரம் புலம்பினேனே, அவள் சமையலறை வாசலில் காலிப் பாத்திரத்தோடு நின்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் மூன்றாம் படியில் நிற்கிற தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தம்பதிகள் தங்களைத் தாங்களே செல்போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிறார்கள். தங்களுக்குத் தாங்களே செவிலி. மகாபலிபுரத்துப் பாறை முன்னால் நின்று, முட்டுக்காட்டுப் படகில் உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழே நின்று எடுத்த படங்கள் எனக்கும் வருகின்றன. எல்லோருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. தயிர் துடைத்த சேலை எந்தப் படத்திலும் இல்லை, அதை மாற்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, நானும் போட்டோவுக்கு நின்றால் சட்டை மாற்றிக்கொள்கிறவன்தான். ஆனால் எழுத்தாளன் அந்தப் படத்தை நம்பி எழுதினால் வாழ்த்து அட்டைதான் கிடைக்கும். படத்தை நம்பாமல், சிரிப்புக்குப் பின்னால் கட்டாயம் ஒரு துரோகம் இருக்க வேண்டும் என்று தோண்டிக்கொண்டு போனாலோ, என் தொடர் மாதிரி ஒன்று கிடைக்கும். தோண்டுகிறவன் நாணயமானவன் என்று ஒரு பெயர் நம்மிடையே இருக்கிறது. பாதி நேரம் அவன் சோம்பேறி என்று எனக்குச் சந்தேகம். சோகம் தானாகவே கதையாகிவிடுகிறது, உழைப்பு குறைவு. கதவைச் சாத்திப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

தொடரைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் கேட்டார். கட்டில்மேல் நடக்கிற சண்டையை எடுத்துவிட்டு, அந்தச் சுவரைச் சேர்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுதிப் பார்த்தேன். என் குரலில் எழுதினால் சுவர் உடனே தத்துவமாகிவிடுகிறது. அவர் குரலில் எழுதினால் அந்தக் கோபம் சரியாக வருகிறது, சட்டம் போட்டு அடித்தது பெருமையாகிவிடுகிறது. அந்த அம்மாளின் குரலில் எழுத எனக்குத் துணிவில்லை. என் மனைவி சொன்னபடியே, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே போட்டுவிடலாம் என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "போடுங்க. ஆனா 'அவள் குரல் தழுதழுத்தது'ன்னு நடுவிலே ஒண்ணு எழுதுவீங்களே, அது மட்டும் வேண்டாம்" என்றாள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இதுவரை தழுதழுக்கவில்லை.

எதிர் வீட்டில் இந்த வருஷத்துப் பட்டியல் ஆணியில் ஏறிவிட்டது. வீட்டு வேலை என்ற இடத்தில் 'வாசல் கதவு மாற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறதாம். வெள்ளத்தில் ஊறிய கதவு, கீழே உளுத்துவிட்டது. புதுக் கதவு இரும்பு, எதிர்ப்பக்கமாகத் திறக்கும்படி வைக்கப் போகிறார்கள் என்று கேள்வி. அப்படித் திறந்தால் அந்த ஒரு முழச் சுவருக்கு மறைவு போய்விடும், வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லி என் மனைவியை அனுப்பியிருக்கிறேன். நாலு மணிக்குப் போனாள். விளக்கு வைத்தாகிவிட்டது, இன்னும் திரும்பவில்லை.